வீடற்றவரைத் தாக்கினால் கூடுதல் தண்டனை: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

தெருவில் படுத்திருப்பவர்களைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்கிறார்களே, அதனால் தாக்குதல் குறையுமா, அடிதடிக்கும் கொலைக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்கும்போது தனிப் பிரிவு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டுவதில் நியாயம் இருக்கிறது, நான் அதற்கு ஆதரவுதான். ஆனால் ஆண்டுக்கணக்கை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டால் அந்தப் பிரிவு யாருக்கும் பயன்படாமல் புத்தகத்திலேயே கிடக்கும். இந்த வழக்குகளில் பெரும்பாலானவை தண்டனை என்ற கட்டத்துக்கு வந்து சேர்வதே இல்லை. வழியில் எங்கே உதிர்கின்றன என்று பார்த்தால்தான் எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும்.

இது எந்த மாதிரிக் குற்றம் என்பதிலிருந்து தொடங்கலாம். 1997 ஏப்ரல் 20 விடியற்காலை, பிரேசில் தலைநகர் பிரசிலியாவில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பழங்குடித் தலைவர். தன் மக்களின் நில உரிமைக்காகத் தலைநகர் வந்தவர். தங்கும் விடுதிக்குத் திரும்ப நேரமாகிவிட்டதால் வெளியே படுத்துவிட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர், அதில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன், எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார்கள். அவர் இறந்துபோனார். பிடிபட்டபோது அவர்கள் கொடுத்த விளக்கம் இதுதான்: பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டோம். குற்றத்தின் கனத்தை அது குறைக்கும் என்று எண்ணிச் சொன்ன பேச்சு. கொஞ்ச காலம் குறையவும் செய்தது. இது கொலை அல்ல, மரணம் விளைவித்த காயம் மட்டுமே என்று தொடக்கத்தில் ஒரு நீதிபதி முடிவு செய்தார். மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2001-ல் நான்கு பேருக்குக் கொலைக் குற்றத்துக்காக 14 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

கூடுதல் தண்டனைக்கான வாதம் முழுவதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. சொத்துத் தகராறிலோ குடும்பப் பகையிலோ அடிப்பவனுக்கு எதிராளி யார் என்பது முக்கியம். இங்கே அது முக்கியமே இல்லை. யாராக இருந்தாலும் சரி, கேட்க நாதியில்லாதவராக இருந்தால் போதும். அந்த நாதியின்மையைக் கணக்குப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2005 டிசம்பரில் பார்சிலோனாவில் ஒரு வங்கியின் ஏடிஎம் அறைக்குள் தூங்கிய பெண்ணை மூன்று இளைஞர்கள் எரித்துக் கொன்றதும், 2006 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரே இரவில் மூன்று பேரைப் பேஸ்பால் மட்டையால் அடித்து ஒருவரைக் கொன்றதும் இதே வார்ப்புதான். இரண்டிலும் கண்காணிப்பு கேமரா பதிவு இருந்தது. இல்லாவிட்டால் நமக்கு இவை தெரிந்தே இருக்காது.

ஜாக் லெவின், ஜாக் மெக்டெவிட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பாஸ்டன் காவல்துறையின் 169 வெறுப்புக் குற்ற வழக்குகளைப் படித்தார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கொள்கை வெறியால் அல்ல, கும்பலாகச் சேர்ந்து ‘த்ரில்’ தேடிப் போன இளைஞர்கள் செய்தவை என்று கண்டார்கள். வீடற்றவர்களைக் குறித்து மட்டும் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் நான் மேலே சொன்ன சம்பவங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தண்டனைக்குப் பயப்படுவார்களா என்ற கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

கொலைகள்தான் செய்தியாகின்றன. அன்றாடம் நடப்பது வேறு. பிரிட்டனில் ‘க்ரைசிஸ்’ என்ற தொண்டு நிறுவனம் 2016-ல் தெருவில் தூங்கும் 458 பேரிடம் கேட்டுப் பார்த்தது. முந்தைய ஓராண்டில் வன்முறைக்கோ வசைக்கோ வேறு தொல்லைக்கோ ஆளானவர்கள் 77 சதவீதம். வீடற்று இருந்த காலத்தில் வேண்டுமென்றே அடியோ உதையோ வேறு வன்முறையோ பட்டவர்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல். தங்கள் மேல் சிறுநீர் கழிக்கப்பட்டது என்றவர்கள் 9 சதவீதம். பொதுமக்களைவிட இவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய 17 மடங்கு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இந்த வாதத்துக்கு என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான எண் இன்னொன்று: 53 சதவீதம் பேர் கடைசியாக நடந்ததைக் காவல்துறையிடம் சொல்லவே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான் பெரும்பாலோரின் காரணம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். உலகில் இதை மூன்று விதமாகச் செய்திருக்கிறார்கள். வெறுப்புக் குற்றப் பட்டியலில் இனம், மதம் ஆகியவற்றோடு வீடின்மையையும் சேர்ப்பது ஒன்று. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2009-ல் முதன்முதலாக இதைச் செய்தது. அதே ஆண்டு தலைநகர் வாஷிங்டனும் சேர்த்தது; அங்கே நோக்கம் நிரூபிக்கப்பட்டால் அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். இரண்டாவது வழியாக, 2010-ல் ஃபுளோரிடா குற்றத்தையே ஒரு படி மேலே ஏற்றிவிடும் முறையைத் தேர்ந்தது. அதிகபட்சம் 5 ஆண்டு கிடைக்கும் குற்றம், வீடற்றவர் என்ற காரணத்துக்காகச் செய்யப்பட்டதாக நிரூபணமானால் 15 ஆண்டு வரை கிடைக்கும் வகைக்குப் போய்விடும். மூன்றாவது வழி ஆரவாரமில்லாதது: தண்டனை அளவை முடிவு செய்யும்போது நீதிபதி இதைக் கனம் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வது. மெய்ன் மாநிலம் 2006-ல் அப்படிச் செய்தது. ஸ்பெயின் 2021-ல் ஏழைகள் மீதான வெறுப்பையும் சமூக ஒதுக்கத்தையும் தன் தண்டனைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில், கனம் கூட்டும் சூழ்நிலைகளோடு சேர்த்தது. ஜெர்மனியில் ‘மனிதரை இழிவாகக் கருதும் நோக்கம்’ என்ற சொற்கள் 2015-ல் சட்டத்தில் ஏறின; வீடற்றவர் மீதான தாக்குதலும் அதற்குள் வரும்.

இந்தியாவில் வீடின்மையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பிரிவு இல்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)-ஆம் பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், பிறப்பிடம், மொழி, நம்பிக்கை ‘அல்லது அதுபோன்ற வேறு காரணத்துக்காக’ச் செய்யும் கொலையைத் தனியாக வைத்திருக்கிறது. அந்தக் கடைசிச் சொற்களுக்குள் வீடின்மையை நுழைக்க முடியும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம், கெட்டிக்காரராக இருந்தால் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் இந்தத் தாக்குதல்களுக்கு இரண்டு மூன்று பேரே போதும், பல நேரம் ஒரே ஆள். ஐந்து பேர் என்ற நிபந்தனையிலேயே வழக்கு அடிபட்டுப் போகும்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் சீக்கிரம் கடந்துவிடுகிறேன்: ‘மனத்தில் நினைத்ததற்குத் தண்டனையா?’ திட்டமிட்ட கொலைக்கும் ஆத்திரத்தில் நடந்த கொலைக்கும் வேறு வேறு தண்டனை கொடுக்கும்போது நாம் மனத்தைத்தான் எடை போடுகிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-லேயே, நோக்கத்தைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டுவது பேச்சுரிமைக்கு எதிரானது அல்ல என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

இரண்டாவது வாதம் கனமானது. வீடின்மை என்பது பிறப்போடு வந்த அடையாளம் அல்ல, இன்று இருக்கும், நாளை போகும் நிலைமை. அதை எப்படி இனத்தோடும் மதத்தோடும் சேர்ப்பது? மதமும் மாறக்கூடியதுதானே என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குத் திருப்தி தருவதில்லை. நான் வேறு பக்கம் இருந்து பார்க்கிறேன். வெறுப்பை நிரூபிப்பது ஒரு பாதை, பலவீனத்தைப் பயன்படுத்தியதை நிரூபிப்பது இன்னொரு பாதை. கதவில்லாத இடத்தில் தூங்கும் மனிதருக்குத் தாழ்ப்பாள் இல்லை, கூப்பிட்டால் ஓடிவர அண்டை வீடு இல்லை, போனில் சார்ஜ் இருப்பதும் நிச்சயமில்லை. தாக்கியவன் அதைத் தெரிந்துகொண்டே கை வைத்தான் என்றால் போதும், அவன் ஏழைகளை வெறுக்கிறானா என்று ஆராய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சட்டப்படியான வெறுப்புக் குற்றப் பட்டியலில் வீடின்மை இல்லை. ஆனால் தாக்குதல் குற்றங்களுக்கான தண்டனை வழிகாட்டுதலில், பாதிக்கப்பட்டவர் வெளிப்படையாகவே பாதுகாப்பற்ற நிலையில் இருப்பது குற்றத்தின் கனத்தைக் கூட்டும் காரணமாக இருக்கிறது. என் தேர்வு இந்தப் பாதைதான்.

ஏன் என்றால், வெறுப்பு நோக்கத்தை நிரூபிப்பது அவ்வளவு சுலபமில்லை. அடிக்கும்போது ஏசிய வார்த்தை, நண்பர்கள் குழுவில் அனுப்பிய வீடியோ, முன்னதாகப் பேசிக்கொண்ட செய்தி என்று ஏதாவது சிக்கினால் உண்டு. சிக்காவிட்டால் அரசுத் தரப்பு அந்தப் பிரிவைத் தொடவே தயங்கும். சாதாரண அடிதடியாகப் பதிந்து முடித்துவிடுவார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019 அக்டோபரில் நியூயார்க்கின் சைனாடவுன் பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு பேர் இரும்புக் கம்பியால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதில் பிடிபட்டவரும் வீடற்றவரே. தெருவில் நடக்கும் வன்முறையில் ஒரு பகுதி தெருவில் இருப்பவர்களுக்குள்ளேயே நடப்பது. கூடுதல் தண்டனைப் பிரிவைக் கவனமில்லாமல் எழுதினால் அது முதலில் பாய்வது அவர்கள் மேல்தான், ஏனென்றால் காவல்துறைக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்.

கொலைக்கு ஏற்கெனவே உச்சத் தண்டனை இருக்கிறது. அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. கூட்டினால் பலன் தெரியும் இடம் நடுவில் இருக்கும் குற்றங்கள்: உதைப்பது, சூடான தண்ணீரை ஊற்றுவது, பட்டாசைக் கொளுத்திப் போடுவது, போர்வையையும் பையையும் எரிப்பது. இந்தக் கடைசிக் குற்றத்தைக் கொஞ்சம் அருகில் பாருங்கள். சொத்துக்குச் சேதம் விளைவித்தால் சேதத்தின் பண மதிப்பைப் பார்த்துத்தான் பல சட்டங்கள் குற்றத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பழைய போர்வை, ஒரு பை, அதற்குள் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, மகளின் போன் நம்பர் எழுதிய தாள். சந்தை மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அடையாள அட்டை போனால் உதவித்தொகை நிற்கும், மருத்துவமனையில் பதிவு நிற்கும், தங்கும் விடுதியில் இடம் கிடைக்காது. பணமதிப்பை வைத்து அளக்கும் சட்டத்துக்கு இது கண்ணுக்கே தெரியாது. வாழ்வாதாரம் முழுவதையும் அழித்த செயலாக இதை எண்ண வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், ஆயுள் தண்டனைப் பேச்சையெல்லாம்விட அதிகம் பேருக்கு அது உதவும்.

இனி வழக்கு உதிரும் இடம். தாக்குதல் நடந்து சில மணி நேரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் வந்து இரத்தம் படிந்த துணியையும் அட்டையையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்; அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அந்த இடத்தைச் சம்பவ இடம் என்று கயிறு கட்டி அடைக்கவில்லை. புகார் எழுதும்போது முதல் கேள்வி முகவரி. சம்மன் அனுப்பும் சட்டங்களே வீட்டைக் கற்பித்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆள் இல்லையென்றால் வீட்டிலுள்ள வயது வந்த ஒருவரிடம் கொடு, அதுவும் முடியாவிட்டால் அவர் குடியிருக்கும் வீட்டின் எடுப்பான பகுதியில் ஒட்டிவிட்டு வா என்பதுதான் இந்தியக் குற்றவியல் நடைமுறையில் சம்மன் சார்பு செய்யும் வழி. எந்தச் சுவரில் ஒட்டுவது? இரண்டு வாய்தாவுக்குள் சாட்சி ‘இருப்பிடம் தெரியவில்லை’ என்று பதிவாகிவிடும்.

அப்படியும் சாட்சிக்கூண்டு வரை வந்துவிட்டால் குறுக்கு விசாரணை காத்திருக்கிறது. அன்று இரவு குடித்திருந்தீர்களா? கடிகாரம் இல்லாமல் மணி இரண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தெருவிளக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது? உங்கள் மேல் முன்பு வழக்கு உண்டா? ஒவ்வொன்றும் எதிர்த்தரப்பு கேட்க உரிமையுள்ள கேள்விதான். ஆனால் சம்பவம் நடந்து மூன்று ஆண்டு கழித்து, இடையில் நாலு இடம் மாறிய ஒருவரிடம் கேட்கும்போது எது எடுபடும், எது எடுபடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள்ளேயே நீதிபதி முன்னிலையில், எதிர்த்தரப்பு வழக்கறிஞரையும் வைத்துக்கொண்டு வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து, அதையே சாட்சியமாக ஏற்க வழி செய்தால் பாதி வழக்குகளாவது பிழைக்கும் என்பது என் கருத்து. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் கெடாது.

சரி, தண்டனையைக் கூட்டினால் பயப்படுவார்களா? இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே சொன்னதைத்தான் இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன: தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, கிடைத்தே தீரும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கிறது. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனமும் இதையே, பிடிபடுவோம் என்ற பயம் தண்டனைப் பயத்தைவிட வலுவானது என்று எழுதி வைத்திருக்கிறது. நள்ளிரவில் த்ரில் தேடிக் கும்பலாகப் போகும் 17 வயதுப் பையன் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. சிறார் என்றால் கூடுதல் தண்டனைப் பிரிவு அவனுக்குப் பொருந்துவதும் குறைவு. பார்சிலோனா வழக்கில் வயது வந்த இருவருக்கு 17 ஆண்டு கிடைத்தது, சிறாருக்கு 8 ஆண்டு காப்பகம். ஆகவே தடுப்பு என்ற பெயரில் இந்தச் சட்டத்தை விற்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் தண்டனைக்குத் தடுப்பு மட்டும்தானா வேலை? ‘பிச்சைக்காரர் என்று நினைத்தோம்’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் இனிமேல் தண்டனையைக் குறைக்காது, கூட்டும் என்று சட்டம் சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. என் ஆதரவு அதற்காகத்தான்.

இதில் அரசுகளின் இரட்டை வேடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கையால் பாதுகாப்புச் சட்டம் எழுதிக்கொண்டே மறு கையால் தெருவில் தூங்குவதையே குற்றமாக்குகிறார்கள். இங்கிலாந்தின் நாடோடிகள் சட்டம் 1824-ஆம் ஆண்டு எழுதியது. அதை ஒழிக்க 2022-ல் நாடாளுமன்றம் முடிவெடுத்த பிறகும் ஒழிப்பு அமலுக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹங்கேரி 2018-ல் பொது இடத்தில் வசிப்பதை அரசமைப்புச் சட்டத்திலேயே தடை செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், ஒரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் திறந்த வெளியில் படுப்பவர்களுக்கு அபராதம் போடலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அபராதம் 295 டாலர். நேற்று அபராதச் சீட்டு எழுதிய அதே காவலரிடம் இன்று போய், என்னை அடித்துவிட்டார்கள் என்று புகார் சொல்ல யாருக்குக் கால் வரும்? சில இடங்களில் தாக்குபவரே சீருடையில் இருக்கிறார். 1993 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவின் கண்டெலாரியா தேவாலயத்துக்கு அருகே தூங்கிய எட்டுப் பேர், பெரும்பாலும் சிறுவர்கள், சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர்களில் காவலர்கள் இருந்தார்கள்.

அதனால் தண்டனைப் பிரிவோடு கடமைப் பிரிவும் வர வேண்டும். இதற்காக வெளிநாட்டில் எங்கும் தேட வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கு எதிரான இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு மாதிரி. அதன் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, வழக்கின் நிலவரம் அறியும் உரிமை ஆகியவற்றைத் தருகிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் எத்தனை இடத்தில் முடக்கப்படுகிறது என்பது வேறு கதை. எழுத்தின் அமைப்பு சரியானது: கடுமையை மட்டும் கூட்டாமல், வழக்கு நகர்வதற்கான சக்கரங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பிரதிநிதியிடம் மனு கொடுப்பதாக இருந்தால், ஒன்றை மட்டும் முதலில் கேளுங்கள் என்பேன்: இந்தத் தாக்குதல்களைக் காவல்துறை தனியாக எண்ணட்டும். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரச் சட்டத்தில் வீடின்மை ஒரு வகை அல்ல. அதனால் எஃப்பிஐயின் கணக்கில் இந்தத் தாக்குதல்கள் வருவதில்லை, 1999 முதல் செய்தித்தாள்களையும் களப்பணியாளர்களையும் வைத்து ஒரு தன்னார்வ அமைப்புதான் எண்ணி வந்திருக்கிறது. ஜெர்மனியில் 2001 முதல் காவல்துறையே ‘சமூக நிலை’ என்ற தலைப்பின் கீழ் இவற்றைத் தனியாகப் பதிகிறது. புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம், பாதிக்கப்பட்டவர் சம்பவத்தின்போது வீடற்றவரா என்று. முகவரிக் கட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அல்லது இரவுக் காப்பகத்தின் பெயரை எழுத அனுமதி. காவல்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கையில் இவ்வளவும் முடிந்துவிடும்.